உடலைத் தேடியவர்கள் – 6: காயங்களின் வழியே கண்டவர்

மலைப்பாதை ஓரமாக ஒரு கொள்ளைக்காரனின் பிணம் கிடந்தது. வழிப்போக்கன் ஒருவனை மறித்திருக்கிறான். கைகலப்பில் மறித்தவன்தான் மாண்டான். சுற்றுவட்டாரத்தில் அவனைப் புதைக்க ஒருவரும் முன்வரவில்லை. அவன்மேல் அவ்வளவு வெறுப்பு. பறவைகளுக்கு இரையாகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டே நாளில் சதையெல்லாம் போய், பாடம் நடத்துவதற்கென்றே யாரோ எடுத்துவைத்த மாதிரி எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. அந்த வழியே போன வைத்தியர் ஒருவர் அதை நின்று நிதானமாகப் பார்த்தார். எந்த எலும்பு எதோடு சேர்கிறது, எங்கே குழி, எங்கே முனை என்று மனத்தில் குறித்துக்கொண்டார்.

இன்னொரு முறை ஓர் ஆறு பெருக்கெடுத்தது. சில மாதங்களுக்கு முன் அவசரமாகக் கட்டியிருந்த கல்லறை ஒன்றை அரித்து, உள்ளிருந்த உடலை அப்படியே இழுத்துக்கொண்டு போய்க் கரையில் ஒதுக்கியது. சதை அழுகிப் போயிருந்தது. எலும்புகள் மட்டும் கட்டுக்குலையாமல் இருந்தன. அதையும் அவர் விடவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களையும் கேலன் தம் 'உடற்கூறியல் செய்முறைகள்' நூலில் மாணவர்களுக்காக எழுதிவைத்திருக்கிறார். முடிந்தால் அலெக்சாந்திரியாவுக்குப் போ, அங்கே ஆசிரியர்கள் மனித எலும்பைக் கையில் கொடுத்துக் கற்பிக்கிறார்கள். அது முடியாவிட்டால் இப்படி ஒரு வாய்ப்பு எதிர்ப்பட்டால் தவறவிடாதே. அதுவும் இல்லையென்றால் குரங்கை அறுத்துப் படி. இதுதான் அவர் சொன்ன வரிசை. மனித உடலை நேராக அறுத்துப் பார் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்த வாசல் அவர் காலத்தில் மூடியிருந்தது.

போன வாரம் ஹீரோஃபிலசையும் எராசிஸ்ட்ராட்டசையும் பார்த்தோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியாவில் அரசர்களின் ஆதரவோடு மனித உடலைத் திறந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. நானூறு ஆண்டுகள் கழித்து வந்த கேலனுக்கு மிச்சம் இருந்தவை எலும்பும், விலங்கும், பிறர் உடம்பில் பட்ட காயமும்தான். அவற்றைக் கொண்டே அவர் எழுப்பிய மருத்துவம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாக்தாதிலும் பாரிசிலும் பாடமாக நின்றது. அதன் வலுவும் சரி, அதன் பிழைகளும் சரி, அவர் எந்தச் சந்து வழியாக மனித உடலை எட்டிப் பார்த்தார் என்பதிலிருந்தே வந்தவை.

கேலன் கி.பி. 129இல் பெர்கமோன் நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் பெர்காமா என்ற பெயரில் இருக்கிற ஊர். மருத்துவக் கடவுளான அஸ்கிலேப்பியசின் பெருங்கோயில் அங்கே இருந்தது. நோயாளிகள் கோயிலிலேயே படுத்துத் தூங்குவார்கள். கனவில் தெய்வம் வந்து மருந்து சொல்லும் என்று நம்பினார்கள். தந்தை நிகோன் கட்டடக் கலைஞர், கணக்கில் வல்லவர், வசதியானவர். தந்தையைப் பற்றி எழுதும்போதெல்லாம் கேலனின் எழுத்தில் ஒரு கனிவு தெரியும். தாயைப் பற்றி எழுதுவது நேர்மாறு. கோபம் வந்தால் வேலைக்காரிகளைக் கடித்துவிடுவார், தந்தையோடு ஓயாமல் சண்டை பிடிப்பார் என்று எழுதுகிறார். பெற்ற தாயை ஏட்டில் இப்படி ஏற்றியவர் வேறு யாரைத்தான் விட்டுவைப்பார்? அவர் நூல்கள் முழுக்கச் சக வைத்தியர்கள் மீதான வசை நிரம்பிக் கிடக்கிறது.

மகன் தத்துவம் படிக்க வேண்டும் என்பது நிகோனின் விருப்பம். கேலனுக்குப் பதினாறு வயது நடந்தபோது, அவனை மருத்துவத்துக்கு அனுப்பு என்று தந்தைக்கு ஒரு கனவு வந்தது. அனுப்பினார். சில ஆண்டுகளில் தந்தை இறந்துவிட, சொத்து கைக்கு வந்தது. வயிற்றுப்பாட்டுக்காக வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை கேலனுக்கு இல்லாமல் போனது. ஸ்மிர்னாவில் பெலோப்ஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார், அங்கிருந்து கொரிந்துக்கும் பிறகு அலெக்சாந்திரியாவுக்கும் போனார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு. அன்றைய ரோமில் ஆறே மாதத்தில் வைத்தியம் கற்றுத் தருவதாகச் சொல்லிக்கொண்ட கூட்டமும் இருந்தது. அவர்களைக் கண்டால் கேலனுக்கு ஏன் அத்தனை எரிச்சல் என்பது புரிகிறது.

157இல் ஊர் திரும்பினார். வயது 28. பெர்கமோனில் கிளாடியேட்டர் போட்டிகளை நடத்தும் பொறுப்பு தலைமைப் பூசாரியிடம் இருந்தது. காயம்பட்ட வீரர்களைப் பார்க்க ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். வயதில் மூத்த வைத்தியர்கள் பலர் இருக்க, கேலன் கூட்டத்தின் நடுவே ஒரு குரங்கின் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே சரித்தார். இதை உள்ளே வைத்துத் தைக்க யாரால் முடியும் என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை. அவரே குடலை உள்ளே தள்ளித் தைத்துக் காட்டினார். வேலை கிடைத்தது.

இதைப் படிக்கும்போது அந்தக் குரங்கின் நினைவு வராமல் போகாது. இன்று உள்ளது போன்ற மயக்க மருந்து இல்லாத காலம். கேலனின் அறிவில் பெரும்பகுதி உயிரோடு கட்டப்பட்ட விலங்குகளின் வேதனையிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி அடிமைகளின் உடம்பிலிருந்து வந்தது. கிளாடியேட்டர்களில் பெரும்பாலோர் அடிமைகளும் கைதிகளும்தான். மருத்துவ வரலாற்றை எழுதும்போது இவர்களையும் கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும்.

அரங்கிலிருந்து தூக்கிவரப்படும் ஆட்களின் உடம்பில், எந்த வைத்தியனும் கத்தி வைக்கத் துணியாத இடங்கள் திறந்து கிடந்தன. தொடையின் முன்பக்கம் குறுக்கே வெட்டுப்பட்டவன் காலை நீட்ட முடியாமல் கிடந்தான். எந்தத் தசை அறுந்தால் எந்த அசைவு போகும் என்பதைக் கேலன் அவர்களிடம்தான் கற்றார். அறுந்த தசைநாரை எப்படித் தைப்பது, காயம் காயாமல் இருக்க மதுவில் நனைத்த துணியை எப்படிப் போட்டுவைப்பது என்பதெல்லாம் அங்கே பழகியவை. அவர்கள் சாப்பாட்டையும் கவனித்தார். நாள் தவறாமல் மொச்சை வகைப் பயற்றங்கஞ்சி. அதனால் உடம்பு பெருக்கிறது, ஆனால் சதை இறுகாமல் தளர்ந்திருக்கிறது என்று குறித்திருக்கிறார். தம் காலத்தில் சாவு வெகுவாகக் குறைந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். கேலனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கேலன் சொன்னதே என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

162இல் ரோம் போனார். தெரிந்தவர்கள் குறைவு, போட்டி கடுமை. முதலில் யூடமஸ் என்ற வயதான தத்துவ ஆசிரியரின் விடாக் காய்ச்சலைக் குணப்படுத்தினார். எந்த நாளில் காய்ச்சல் விடும் என்று முன்கூட்டியே சொன்னார், அது பலித்தது. பெயர் பரவியது. ஆனால் அவர் திறமை எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிற கதை வேறு.

சிரியாவிலிருந்து ரோமுக்கு வந்த பௌசானியஸ் என்ற சொற்பொழிவாளருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலில் பாதியும் மரத்துப்போயின. வைத்தியர்கள் விரல்களுக்கு மருந்து பூசிப் பூசிப் பார்த்தார்கள். பலன் இல்லை. கேலன் விரலை விட்டுவிட்டு, அண்மையில் எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டார். வரும் வழியில் வண்டியிலிருந்து கீழே விழுந்ததும், முதுகின் மேற்பகுதி ஒரு கல்லில் மோதியதும் தெரியவந்தது. உடனே மருந்தைக் கையிலிருந்து எடுத்துக் கழுத்தெலும்பு முடியும் இடத்தில் போடச் சொன்னார். உணர்வு திரும்பியது. சுற்றியிருந்தவர்களுக்கு இது மாயம் மாதிரி இருந்திருக்கும். கழுத்தின் கீழ்ப்பகுதியில் முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்புதான் கையோடு இறங்கி அந்த இரண்டரை விரல்களுக்குப் போகிறது என்பது விலங்குகளின் முதுகுத்தண்டை ஒவ்வொரு கணுவாக அறுத்துப் பார்த்தவருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் இதே இரண்டரை விரல் மரத்துப்போய் வருகிறவரின் கழுத்தையும் முழங்கையையும் சேர்த்தே நரம்பியல் மருத்துவர் பரிசோதிக்கிறார்.

இந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஃபிளேவியஸ் போயித்தஸ் தேடி வந்தார். கன்சல் பதவி வகித்தவர், அரிஸ்டாட்டிலின் தத்துவத்தில் ஊறியவர், உடற்கூறியலில் தீராத ஆசை உள்ளவர். அவர் ஏற்பாட்டில் ரோமின் அறிஞர்களும் அதிகாரிகளும் கூடிய சபையில் கேலன் பன்றிகளையும் ஆட்டுக்குட்டிகளையும் வைத்து விளக்கம் காட்ட வந்தார். ஏன் பன்றி? உயிரோடு அறுக்கும்போது குரங்கின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது என்று ஒரு காரணத்தை அவரே எழுதியிருக்கிறார். இன்னொரு காரணம், பன்றியைப் போல வீறிட்டுக் கத்தும் விலங்கு வேறு இல்லை. அவர் காட்ட நினைத்தது குரலைப் பற்றியது.

கேலன் எழுந்து, குரல்வளையின் தசைகளில் மயிரிழை போன்ற நரம்புகள் இருபுறமும் இருக்கின்றன, அவற்றைக் கட்டினாலோ அறுத்தாலோ விலங்கின் உயிருக்கு ஒன்றும் ஆகாது, குரல் மட்டும் போய்விடும் என்று சொன்னார். அவர் கத்தியை எடுப்பதற்குள் அலெக்சாண்டர் என்ற டமாஸ்கஸ் தத்துவவாதி குறுக்கிட்டார். கண்ணால் காண்பதை முதலில் நம்பலாமா என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டாமா என்பது அவர் கேள்வி. கேலன் மறுபேச்சுப் பேசவில்லை. புலன்களையே நம்பாதவர்கள் கூடியிருக்கும் இடம் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறிவிட்டார்.

செய்தி நகரமெங்கும் பரவியது. மற்றவர்கள் அலெக்சாண்டரைக் கடிந்துகொண்டார்கள். மறுபடி சபை கூடியது. பல நாட்கள் நடந்தது. பன்றி கத்துகிறது. கேலன் கழுத்தைத் திறந்து, நரம்பின் அடியில் நூலைக் கோத்து முடிச்சுப் போடுகிறார். சத்தம் சட்டென்று நிற்கிறது. பன்றி துடிக்கிறது, மூச்சு விடுகிறது, ஆனால் குரல் இல்லை. முடிச்சை அவிழ்க்கிறார். குரல் திரும்பி வருகிறது. நரம்பை அறுக்காமல் நூலால் கட்டியதில்தான் அவர் கைத்தேர்ச்சி இருக்கிறது. எத்தனை பேர் சந்தேகப்பட்டாலும் அத்தனை முறை மறுபடி செய்து காட்டலாம்.

அன்றைய ரோமில் இதன் பொருள் பெரிது. எண்ணமும் பேச்சும் இதயத்திலிருந்து வருகின்றன என்பது அரிஸ்டாட்டில் வழியினரும் ஸ்தோயிக் தத்துவத்தாரும் சொல்லிவந்தது. குரல் நெஞ்சிலிருந்துதானே எழுகிறது என்பது அவர்கள் காட்டிய சான்று. மூளையிலிருந்து புறப்படும் நரம்பு ஒன்றைக் கட்டியதும் பேச்சு நின்றுபோவதைக் கேலன் அவர்கள் கண்முன்னே காட்டினார். விலங்கின் இதயத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் அது கத்துகிறது, மூளையை அழுத்தினால் அசைவற்றுப் போகிறது என்பதையும் செய்து பார்த்திருக்கிறார்.

அந்த நரம்பு போகும் வழி இன்னும் விசித்திரமானது. தலையிலிருந்து இறங்கும் பெரிய நரம்போடு சேர்ந்து குரல்வளையைத் தாண்டிக் கீழே போகிறது. இடப்பக்கத்து நரம்பு நெஞ்சுக்குள்ளேயே புகுந்து பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. வலப்பக்கத்து நரம்பு தோளுக்குப் போகும் தமனியைச் சுற்றித் திரும்புகிறது. மயிரிழை மாதிரி ஒன்றை இவ்வளவு தூரம் விடாமல் தொடர்ந்து போனார் என்பதுதான் எனக்கு அவரிடம் மிகப் பெரிய வியப்பு. தைராய்டு அறுவைசிகிச்சை செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் இன்றும் முதலில் தேடிக் காப்பாற்றுவது இதே நரம்பைத்தான். அதில் கத்தி பட்டால் நோயாளியின் குரல் கம்மிப்போகும்.

போயித்தஸ் தம் செலவில் சுருக்கெழுத்தாளர்களை அனுப்பி, கேலன் விளக்கியதை எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். பின்னர் அவர் மனைவிக்கு வந்த நெடுநாள் நோயையும் கேலன் தீர்த்துவைத்தார். கிடைத்த வெகுமதி 400 பொற்காசு.

விலங்கை மட்டும் அறுத்தவர் என்று கேலனைப் பற்றிச் சொல்வது வழக்கம். முழு உண்மை அதுவாகாது. உயிருள்ள மனிதனின் இதயம் துடிப்பதை அவர் நேருக்கு நேர் பார்த்திருக்கிறார்.

மரில்லஸ் என்ற நாடக எழுத்தாளர் வீட்டில் ஓர் அடிமைச் சிறுவன். மல்யுத்தப் பயிற்சியில் அவன் மார்பெலும்பில் அடிபட்டது. முதலில் சரியாகிவிட்டது போலத்தான் தெரிந்தது. நான்கு மாதம் கழித்து அந்த இடத்தில் சீழ் கட்டியது. கீறிவிட்டார்கள், ஆறியது, மறுபடி வீங்கியது, அடுத்த முறை ஆறவே இல்லை. எஜமானர் வைத்தியர்களைக் கூட்டினார். எலும்பு அழுகிவிட்டது, அதை எடுத்தாக வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஆனால் புண்ணின் இடப்பக்கத்தில் இதயத் துடிப்பு கண்ணுக்கே தெரிந்தது. அந்த இடத்தில் கத்தி வைக்க எவருக்கும் கை எழவில்லை.

கேலன் ஒப்புக்கொண்டார். உள்ளே ஓட்டை விழாமல் எலும்பை எடுத்துத் தருகிறேன், பிள்ளை முழுக்கக் குணமாவான் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். வெட்டினார். அழுகிய எலும்பு வந்தது. அதன் அடியில் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையின் ஒரு பகுதியும் அழுகியிருந்தது. அதையும் நீக்கியபோது, பன்றியிலும் குரங்கிலும் எத்தனையோ முறை பார்த்த அந்த உறுப்பு ஒரு மனிதச் சிறுவனின் மார்புக்குள் துடித்துக்கொண்டு கண்முன்னே கிடந்தது. சிறுவன் பிழைத்தான். அவன் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

கிடைத்த வாய்ப்பு எதையும் நழுவவிடாத இந்தக் குணம்தான் யானை விஷயத்திலும். ரோமில் மிகப் பெரிய யானை ஒன்றைக் கொன்றார்கள். அதன் இதயத்துக்கு முனை ஒன்றா இரண்டா, அறைகள் எத்தனை என்று பார்க்க வைத்தியர்கள் திரண்டுவிட்டார்கள். மூச்சுவிடும் மற்ற விலங்குகளுக்கு எப்படியோ அப்படித்தான் இருக்கும் என்று கேலன் அறுப்பதற்கு முன்பே சொன்னார், அவ்வாறே இருந்தது. இதயத்துக்குள் ஓர் எலும்பு இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மாட்டின் இதயத்தில் பார்த்திருக்கிறார். கூட்டத்தில் பழக்கமில்லாதவர்களின் கைக்கு அது அகப்படவில்லை. பிறகு அந்த இதயம் சக்கரவர்த்தியின் சமையற்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கேலன் விடவில்லை. தம்மிடம் பயின்ற ஒருவரை அரண்மனைச் சமையல்காரர்களிடம் அனுப்பி, அந்த எலும்பை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

சிறுநீர் எங்கே உண்டாகிறது என்ற சண்டையையும் அவர் இப்படித்தான் முடித்தார். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களைக் கட்டினார். பை காலியாகவே இருந்தது, குழாய்கள் கட்டுக்கு மேலே வீங்கின. தமனிகளில் ஓடுவது காற்று என்று எராசிஸ்ட்ராட்டஸ் சொன்னதை மறுக்க, தமனியின் இரு முனையையும் கட்டி நடுவில் கீறிக் காட்டினார். உள்ளே இருந்தது ரத்தம்.

இவ்வளவு கவனமாகப் பார்த்தவர் எப்படித் தவறினார்? பார்க்கக் கிடைத்தது வேறு உடம்பு என்பது முதல் காரணம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மூளையின் அடிப்பகுதியில் மெல்லிய ரத்தக்குழாய்களின் வலை ஒன்று இருக்கிறது. மனிதனுக்கும் இருக்கும் என்று எழுதினார், உயிராற்றல் அங்கேதான் பக்குவப்படுகிறது என்றும் சொல்லிவிட்டார். நமக்கு அந்த வலை கிடையாது. மார்பெலும்பு ஏழு துண்டு என்றது குரங்கைப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது காரணம் அவருடைய கோட்பாடு. ரத்தம் கல்லீரலில் உண்டாகி உடம்பெங்கும் போய்த் தீர்ந்துவிடுகிறது என்று நம்பினார். அப்படியானால் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொஞ்சம் ரத்தம் போக வழி வேண்டும். நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன என்றார். கண்ணை நம்பு என்று சபையில் சண்டை போட்டவர், கண்ணில் படாத துளைகளை நம்பினார். அந்தச் சுவரில் துளை எதுவும் இல்லை என்று 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் இப்னு அல்நஃபீஸ் எழுதினார். ரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி நிறுவியது 1628இல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியப் போரில் இறந்த எதிரிகளின் உடலை அறுத்துப் பார்க்கச் சில படைவைத்தியர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. கசாப்புக்காரனுக்குத் தெரிந்ததற்கு மேல் அவர்கள் எதுவும் கற்கவில்லை என்று கேலன் எழுதுகிறார். குரங்கில் முன்கூட்டியே பழகாத கைக்கு மனித உடம்பு கிடைத்தும் பயன் இல்லை என்பது அவர் வாதம். வாதம் நியாயமானதுதான். ஆனால் அந்த வாய்ப்பு கேலனுக்குக் கிடைத்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. அதைவிட வருத்தம், அப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு வந்தபோது அவரே போக மறுத்தார் என்பது.

166இல் பார்த்தியப் போரிலிருந்து திரும்பிய படைகளோடு கொள்ளைநோய் வந்தது. உடம்பெல்லாம் கறுத்த கொப்புளங்கள் என்று கேலன் விவரிப்பதைப் பார்த்தால் பெரியம்மை என்றே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஆண்டே அவர் ரோமை விட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். பொறாமைக்காரர்களின் தொல்லையால் கிளம்பியதாகச் சொன்னார். சக்கரவர்த்திகள் மார்க்கஸ் ஒரேலியசும் லூசியஸ் வேரசும் வடக்கே அக்விலியா நகருக்கு அவரை அழைத்துக்கொண்டார்கள். அங்கேயும் நோய் வெடித்தது. 169இல் வேரஸ் இறந்தார். ஜெர்மானியப் போர்முனைக்குத் தம்மோடு வரும்படி மார்க்கஸ் ஒரேலியஸ் சொன்னபோது, அஸ்கிலேப்பியஸ் கனவில் வந்து தடுத்துவிட்டதாகக் கேலன் பதில் சொன்னார். சக்கரவர்த்தி தெய்வபக்தி உள்ளவர்; விட்டுவிட்டார். கேலன் ரோமிலேயே இளவரசன் கொம்மோடசின் வைத்தியராக இருந்துகொண்டு எழுதித் தள்ளினார்.

போர் முடிந்து திரும்பிய பிறகு ஒரு நாள் சக்கரவர்த்திக்குக் கடும் வயிற்று வலி. உடனிருந்த வைத்தியர்கள் நாடி பார்த்துக் காய்ச்சல் ஆரம்பிக்கிறது என்றார்கள். நாடியைப் பற்றி மட்டும் பதினாறு புத்தகம் எழுதிய கேலன் கையைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சாப்பிட்டது செரிக்கவில்லை என்றார். அதேதான், அதேதான் என்று சக்கரவர்த்தி ஆமோதித்தார். மருந்து என்ன? வேறு யாராக இருந்தாலும் மிளகு தூவிய மது கொடுப்பேன். தங்களுக்கு, நளதத் தைலத்தைச் சூடாக்கிக் கம்பளியில் நனைத்து வயிற்றின்மேல் போட்டால் போதும் என்றார் கேலன். மார்க்கஸ் ஒரேலியஸ் தைலத்தையும் போட்டுக்கொண்டார், மிளகு போட்ட மதுவையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த மிளகு விளைந்த மலை நம்முடையது. சேரநாட்டு முசிறியில் ஏற்றிய மூட்டைகள் அலெக்சாந்திரியா வழியாக ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கங்கைக் கரையிலிருந்து வந்த நளதமும் முசிறித் துறையில் கப்பலேறியதை வியன்னாவில் இருக்கிற ஒரு பாப்பிரஸ் ஒப்பந்தத் தாள் காட்டுகிறது.

ரோமில் மிளகுக்கென்றே தனிக் கிடங்கு இருந்தது. டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டியது, 'புனித வீதி' என்ற பெருந்தெருவை ஒட்டி. அதே வீதியின் கிடங்குகளில்தான் கேலனும் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார். வாடகை அதிகம். ஆனால் கதவைத் தவிர அங்கே மரமே கிடையாது, பக்கத்தில் வீடு இல்லை, அரசாங்க ஆவணங்கள் இருந்ததால் படைக்காவல் வேறு. பத்திரமான இடம் என்று நம்பி, அரிய மருந்துச் சரக்குகள், மருந்துக் குறிப்புகள் எழுதிய தோல் சுவடிகள், அறுவைக் கருவிகள், புதிய கருவிகளுக்காகத் தாமே மெழுகில் செய்துவைத்த மாதிரிகள், தம் புத்தகங்கள் எல்லாவற்றையும் அங்கே வைத்தார். 192இல் தீப்பிடித்தது. சமாதானக் கோயில், நூலகங்கள், கிடங்குகள் எல்லாம் போயின. தீ இன்னும் இரண்டு மாதம் தாமதித்திருந்தால் புத்தகங்களின் பிரதிகள் கம்பானியாவுக்கும் பெர்கமோனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

எல்லாம் போயும் எப்படிக் கலங்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்ட நண்பருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம், பல நூற்றாண்டாகத் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2005இல் கிரீசின் தெசலோனிக்கி நகரத்து விளாட்டடோன் மடத்தில், 15ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றுக்குள் அது இருப்பதை ஒரு பிரெஞ்சு ஆய்வு மாணவர் கண்டுபிடித்தார். மேலே சொன்ன கிடங்கு விவரமெல்லாம் அதிலிருந்து நமக்குக் கிடைத்தவை. எரிந்ததைப் பற்றிப் புலம்பாமல், எதெது எரிந்தது என்று ஒன்றுவிடாமல் கணக்குச் சொல்லும் கடிதம் அது. படிக்கிறவர்களுக்குத்தான் கலக்கம் வருகிறது.

அப்போது கேலனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 'உடற்கூறியல் செய்முறைகள்' நூலின் முதல் பதினொரு பகுதிகள் தீக்கு முன்பே பலர் கைக்குப் போயிருந்தன. மீதி எரிந்துவிட்டது. உட்கார்ந்து மறுபடி எழுதினார். 216 வாக்கில் இறந்தார் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கணிப்பு. அவர் எழுதியதில் பாதிக்கும் மேல் அழிந்த பிறகும், எஞ்சியது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பதிப்பில் இருபது தொகுதிகளுக்கு நீள்கிறது.

அவருக்குப் பின் மேற்கே அந்த வேலையைத் தொடர ஆள் இல்லை. அவர் புத்தகங்களைச் சுருக்கினார்கள், மனப்பாடம் செய்தார்கள், பரீட்சை வைத்தார்கள். குரங்கு கிடைத்தால் குரங்கையாவது அறுத்துப் பார் என்று அவர் வற்புறுத்திய பக்கங்களையும் அப்படியே ஒப்பித்தார்கள். 'உடற்கூறியல் செய்முறைகள்' நூலின் பிற்பகுதி, ஒன்பதாம் பகுதியின் நடுவிலிருந்து பதினைந்தாம் பகுதி வரை, கிரேக்கத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. குரல் நரம்பைப் பற்றிய விரிவான செய்முறையும் அந்தப் பகுதியில்தான் இருந்தது.

இன்று அது நம்மிடம் இருக்கிறது என்றால், அரபு மொழி அதைக் காப்பாற்றியது. யுனானி மருத்துவர்கள் இன்றும் ஜாலினூஸ் என்று மரியாதையோடு சொல்வது கேலனைத்தான். 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ வைத்தியர், கேலனின் நூல்களில் 129ஐப் பட்டியலிட்டு, எதை யார் எப்போது சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார் என்று ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரே ஒரு நூலுக்காக மெசபொத்தாமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை தேடிப் போனதையும், கடைசியில் டமாஸ்கசில் அதில் ஏறக்குறையப் பாதி மட்டும் அகப்பட்டதையும் சொல்கிறார். அந்தப் பாதியும் வரிசை குலைந்து கிடந்தது. ஹுனைனின் அந்தப் பயணத்தை அடுத்த வாரம் தொடர்வோம்.

(தொடரும்)